கையில் இரண்டு எட்டு

ஜீவானந்தம் இருபது வருஷம் கப்பலில் சீட்டு போட்டவர். கப்பல் என்றால் சரக்குக் கப்பல் இல்லை, வெளிநாட்டுப் பணக்காரர்கள் வெயில் காயப் போகும் உல்லாசக் கப்பல். அதில் ஒரு சீட்டு மேஜைக்கு அவர்தான் பொறுப்பு. நாலு கண்டத்து ஆட்களுக்கும் சீட்டைப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, தான் மட்டும் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் கிழக்குத் தாம்பரத்துக்குத் திரும்பி வந்து, செலையூர் பக்கம் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வரும்போது அவர் கொண்டுவந்தது ஒரு பச்சைத் துணி, ஒரு ஆட்டம், கொஞ்சம் கர்வம். வீட்டில் மற்ற சாமான் எல்லாம் அவர் மனைவி செல்வமேரி பார்த்துப் பார்த்து வாங்கினது.

அந்த ஆட்டம் ஹோல்டெம். போக்கரில் ஒரு வகை. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்து வரும். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விழும், முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. உன் கையையும் நடுவில் கிடப்பதையும் சேர்த்து யாருக்கு நல்லதாக அமைகிறதோ அவர் அள்ளிக்கொள்ளலாம். நடுநடுவே பந்தயம் கட்ட வேண்டும், பயந்தால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை வைத்தது போனதுதான். ஜீவானந்தம் வீட்டில் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. முதல் இரண்டு சுற்றில் இரண்டு இரண்டாக, பின் இரண்டு சுற்றில் நாலு நாலாகத்தான் ஏற்ற முடியும். "எல்லாத்தையும் தள்ளி வெச்சு எதிராளியை மிரட்டறதெல்லாம் ரவுடித்தனம். லிமிட்தான் மனுஷன் ஆடுற ஆட்டம்" என்பார்.

எதை ஏற்றுவது என்று கேட்டால், தண்ணி கேன் மூடியை. நீல மூடி. காசு வைத்து ஆடினால் அந்தப் பச்சைத் துணியைக் கிழித்துக் கரித்துணி ஆக்கிவிடுவேன் என்று செல்வமேரி முதல் நாளே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பெண்.

காசு இல்லாவிட்டால் ஆட்டத்தில் உப்பு ஏது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்தால், ஆறு மணிக்கு யாரிடம் மூடி அதிகமோ அவருக்கு ஒரு 'கேள்வி'. மேஜையில் இருக்கிற யாரிடமும், எது வேண்டுமானாலும் ஒன்று கேட்கலாம். செலவு வைக்கக் கூடாது. கேட்டதை மறுக்கவும் கூடாது. பக்கத்துத் தெரு காந்திமதி டீச்சர் ஒரு தடவை ஜெயித்து, எதிர் வீட்டு அப்பாதுரையைத் தன் அப்பார்ட்மெண்ட் பொங்கல் விழாவில் மேடை ஏறிப் பாட வைத்தாள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். விசில் ஊதத் தெரியுமே தவிர, பாட்டு சுத்தமாக வராது. ஆனாலும் பாடினார். அந்த அப்பாதுரை ஒரு தடவை ஜெயித்து, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் ஜீவானந்தத்தைச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கூட்டிப்போய் மலையைச் சுற்ற வைத்தார். ஜீவானந்தம் முணுமுணுத்துக்கொண்டே சுற்றினார், பிரசாதப் புளியோதரையை இரண்டு தொன்னை சாப்பிட்டார், வாக்கு தவறவில்லை. விளையாட்டில் கொடுத்த வாக்கை மீறுகிறவனோடு அவர் பேசவே மாட்டார்.

இது நன்றாகத் தெரிந்துதான் அவர் மகள் ஷீலா இந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தே தீருவது என்று உட்கார்ந்தாள்.

ஷீலாவுக்கு முப்பத்துநாலு வயசு. கேளம்பாக்கத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வேலை. அங்கேதான் வினோத்குமார் வந்தான். கோவளம் பக்கத்து மீனவர் குடும்பம். ஐஸ் கட்டிகளைத் தூக்கித் தூக்கி வலது தோள் இறுகிப்போய், கையை மார்புக்கு மேல் தூக்க முடியாமல் வந்தவன். வலித்தால் கத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறாள், கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள். இவன் வலித்தால் மன்னிப்பு கேட்டான். ஒருநாள் கை முழுக்க மேலே போய், பாக்கெட்டில் இருந்த சீப்பை எடுத்துத் தன் தலையைத் தானே வாரிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தான். ஷீலா அன்றைக்கே விழுந்துவிட்டாள். அதை ஒப்புக்கொள்ளத்தான் அவளுக்கு ஒரு வருஷம் ஆனது.

வீட்டில் சொன்னபோது ஜீவானந்தம் கேட்டது ஒன்றே ஒன்று. "நம்ம சபையில ஆளே கிடைக்கலையா?" பதிலுக்குக்கூட நிற்காமல் தண்ணி மோட்டார் போடப் போய்விட்டார். அதற்குப் பிறகு வினோத் என்கிற பேர் காதில் விழுந்தால் போதும், எழுந்து மோட்டார் போடப் போவார். மூன்று மாதமாக அந்த வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது.

"கப்பல்ல யார் யாரோடயோ சிரிச்சுப் பேசினவரு, கோவளத்து ஆளைப் பத்திப் பேச்செடுத்தா ஓடுறாரு பாரு" என்று காந்திமதி டீச்சர் அவர் காதுபடவே சொன்னாள். அதற்கும் மோட்டார் ஓடியது.

கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கியாகிவிட்டது. வருகிற மாதம் முதல் வாரம். "அப்பா வரலன்னா தள்ளிப் போடலாம் ஷீலா" என்றான் வினோத். அவன் அம்மா முத்தாலம்மாள், கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே, "உங்கப்பாகிட்ட நான் வந்து பேசட்டுமா கண்ணு? இன்னா செய்வாரு, கடிச்சா துன்னுடுவாரு?" என்று கேட்டாள். வேண்டாம் என்று ஷீலாதான் தடுத்தாள். அப்பா யார் முகத்துக்கு நேராகவாவது ஒரு வார்த்தை விட்டுவிட்டால் அப்புறம் அதை அள்ள முடியாது. அவள் பயந்தது அதற்குத்தான்.

அதனால்தான் இந்தச் சீட்டு. ஜெயித்தால் கேட்கப் போவது, பதிவு அலுவலகத்துக்கு வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள் என்று. மேஜையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். ஜீவானந்தத்துக்கும் தெரியும். அதனால் அவரும் விளையாட்டுக்கு ஆடவில்லை.

ஷீலாவிடம் ஒரு வியாதி. நல்ல கை வந்தால் ஆடுவாள், மோசமான கை வந்தால் தூக்கிப் போட்டுவிடுவாள், அதெல்லாம் சரி. நடுத்தரமாக ஒரு ஜோடி வந்தால்தான் பிரச்சினை. ஏழும் ஏழும், எட்டும் எட்டும், ஒன்பதும் ஒன்பதும். எடுத்தவுடன் பார்க்க அழகாக இருக்கும். நடுவில் ஒரு கிங்கோ குயினோ விழுந்த அடுத்த நொடி, ஐயோ, எதிராளிக்கு இதில் பெரிய ஜோடி சேர்ந்துவிட்டது என்று பயந்துவிடுவாள். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

சீட்டில் மட்டும் இருந்த வியாதி என்றும் சொல்ல முடியாது. இருபத்தாறு வயசில் அவளுக்குக் குரோம்பேட்டையில் ஒரு இடம் நிச்சயமாகி மோதிரம்கூடப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒருநாள் போன் செய்து, "கொஞ்சம் யோசிச்சுதான் சொல்லணும்மா" என்று இழுத்தாள். ஷீலா அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சாயங்காலமே மோதிரத்தைக் கழற்றி அனுப்பிவிட்டாள். பிறகுதான் தெரிந்தது, அந்தம்மா யோசிக்க வேண்டும் என்றது மண்டபத் தேதியை. அவர்கள் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். அதற்குள் இரண்டு பக்கமும் ரோஷம் வந்து, பேச்சு வளர்ந்து, கதை முடிந்தது.

இந்த ஞாயிறும் ஆரம்பம் அப்படித்தான் இருந்தது. ஷீலாவுக்கு இரண்டு ஒன்பது வந்தது. ஏற்றினாள். அப்பாவும் அப்பாதுரையும் ஒதுங்கிக்கொள்ள, காந்திமதி டீச்சர் மட்டும் நின்றாள். நடுவில் ஏஸ், ஏழு, மூன்று. டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு மூடியைத் தள்ளினாள். ஷீலா ஏஸைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், ஒன்பதுகளைக் கவிழ்த்தாள்.

டீச்சர் தன் கையைத் திருப்பிக் காட்டினாள். ஒரு ஜாக், ஒரு பத்து. ஒன்றுக்கும் ஆகாத கை.

"என்னம்மா நீ" என்று அப்பாதுரைக்கே பொறுக்கவில்லை. "எதிர்ல நாலு பேர் இருந்தா ஒன்பதுக்குப் பயப்படு, நியாயம் இருக்கு. நாலு பேர்ல ஒருத்தன்கிட்டயாவது ஏஸ் இருக்கும். இங்க இருந்தது ஒத்த ஆளு. அந்த ஒத்த ஆளுகிட்ட ஏஸ் இருந்தே ஆகணும்னு ஏதாவது சட்டமா?"

"ஏன் சொல்லிக் கொடுக்கிற? நல்லா போய்க்கிட்டு இருந்தது" என்றாள் டீச்சர்.

ஜீவானந்தம் சீட்டைக் கலைத்தார். அந்த வீட்டில் சீட்டைக் கலைக்கவும் போடவும் அவருக்கு மட்டும்தான் உரிமை. கலைக்கும்போது மகளை ஒருமுறை பார்த்தார். இன்றைக்கு உன் ஜம்பம் பலிக்காது என்று அந்தப் பார்வையில் எழுதி ஒட்டியிருந்தது. ஷீலாவுக்கு முகம் சூடாகிவிட்டது.

நாலு மணி வரைக்கும் அவள் மூடிகள் கரைந்துகொண்டே வந்தன. பிறகு ஒரு கையில் இரண்டு ஏழு. இந்த முறை நாலு பேருமே உள்ளே இருந்தார்கள், யாரும் ஏற்றவில்லை. கூட்டத்தில் ஏழு வெறும் ஏழுதான். மூன்றாவது ஏழு விழுந்தால் உண்டு, இல்லையென்றால் எழுந்து போக வேண்டியதுதான். அது ஷீலாவுக்கும் தெரியும். கிங், ஏழு, நாலு விழுந்தது. அப்பாதுரையிடம் ஒரு கிங் இருந்தது போல, ஏற்றிக்கொண்டே போனார். டீச்சரும் எதையோ நம்பிக் கூடவே வந்தாள். கடைசியில் ஷீலா மூன்று ஏழைத் திருப்பிப் போட்டபோது அப்பாதுரை நாற்காலியில் சரிந்து, "என் பென்ஷனே போன மாதிரி இருக்கு" என்றார். மூடிகளை இரண்டு கையாலும் அணைத்து இழுக்க வேண்டியிருந்தது. இப்போது அப்பாவுக்கு அடுத்தபடி அவள்தான்.

செல்வமேரி அடுக்களை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கு ஆட்டம் ஒரு இழவும் புரியாது. மகளின் முன்னால் நீலம் உயர்ந்திருப்பது மட்டும் புரிந்தது. ஐந்தே முக்கால் ஆனது. இன்னும் மூன்று நாலு கை ஆடலாம்.

ஜீவானந்தம் சீட்டு போட்டார். ஷீலா ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஹார்ட்டின் எட்டு. கிளாவர் எட்டு.

ஏற்றினாள். அப்பாதுரை கை கழுவினார். ஜீவானந்தம் தன் சீட்டைப் பார்த்தார், ஒரு கணம்கூடத் தாமதிக்காமல் அதற்கு மேல் ஏற்றினார். டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க அப்பாவும் பொண்ணும் பாத்துக்கோங்க" என்று சீட்டைக் கவிழ்த்தாள். அப்பா ஏற்றின அளவுக்கு ஷீலாவும் மூடியைச் சரிசெய்து வைத்தாள்.

நடுவில் மூன்று சீட்டு. குயின், ஐந்து, இரண்டு.

ஜீவானந்தம் இரண்டு மூடியைத் தள்ளினார்.

ஷீலா குயினைப் பார்த்தாள். அப்பாவிடம் குயின் இருக்கிறது. இல்லாமலா இப்படி ஏற்றினார்? இப்போதே கவிழ்த்துவிட்டால் போனது கொஞ்சம்தான், இன்னும் மூன்று கை இருக்கிறது, எட்டிப் பிடித்துவிடலாம். கடைசி வரை போய்த் தோற்றால் அவ்வளவுதான். இந்த ஆட்டத்தில் ஒரே அடியில் மீட்டுக்கொள்ளவும் வழி கிடையாது. இரண்டு இரண்டாக, நாலு நாலாகச் சேர்ப்பதற்குள் ஆறு மணி அடித்துவிடும். அப்புறம் தேதிக்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம், அதில் ஜெயிப்பது மட்டும் என்ன நிச்சயம்?

விரல் சீட்டின் மேல் போய்விட்டது. அப்போது அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் குயினைப் பார்க்கவில்லை. மூடிகளையும் பார்க்கவில்லை. அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷீலாவுக்குச் சுருக்கென்றது. இவர் தன் கையை நம்பி ஏற்றவில்லை. இவள் பயந்துவிடுவாள் என்று என்னை நம்பி ஏற்றுகிறார். இவ்வளவு நாள் மேஜையில் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். டீச்சர் செய்தாள், அப்பாதுரை செய்தார், குரோம்பேட்டையில் ஒரு அம்மா தெரியாமலே செய்தாள். நான் அத்தனை பேருக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அவளுக்குத் தன் மேலேயே பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

இரண்டு மூடியை எடுத்து நடுவில் வைத்தாள்.

நாலாவது சீட்டு விழுந்தது. கிங்.

"போச்சு" என்றார் அப்பாதுரை, தன்னை மறந்து. டீச்சர் அவர் முழங்கையில் ஒன்று வைத்தாள்.

ஜீவானந்தம் நாலு மூடி தள்ளினார். குயின் ஒருபக்கம், கிங் ஒருபக்கம், நடுவில் இவளுடைய இரண்டு எட்டு, ஆகாத வீட்டில் நுழைந்த சொந்தக்காரர் மாதிரி. ஷீலா மூச்சை இழுத்துவிட்டாள். கிங்கும் குயினும் விழுந்துவிட்டதால் எட்டும் எட்டும் ஜோடி இல்லாமல் போய்விடவில்லையே. எதிரில் இருப்பது ஒருவர். கேட்பது நாலு மூடி, இந்தச் சுற்றில் அதற்கு மேல் ஒன்றுகூட அவரால் கேட்க முடியாது. கொடுத்துப் பார்த்துவிடுவோம். கொடுத்தாள்.

கடைசிச் சீட்டு, ஆறு. யாருக்கும் உதவாத ஆறு. ஜீவானந்தம் மறுபடியும் நாலு தள்ளினார். இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக.

"பாக்குறேன்பா" என்று ஷீலா நாலு வைத்தாள்.

ஜீவானந்தம் திருப்பினார். ஒரு ஏஸ், ஒரு ஜாக். கிங்கும் குயினும் அவருக்கு, ஒரு பத்து விழுந்தால் ஐந்தும் வரிசையாகச் சேரும் என்று ஆசை காட்டியிருக்கின்றன. பத்து வரவே இல்லை. கையில் ஜோடிகூடக் கிடையாது.

ஷீலா இரண்டு எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அடுக்களையில் குக்கர் விசில் ஒன்று வந்தது.

அதற்கப்புறம் ஆடிய கைகளைச் சொல்ல ஒன்றுமில்லை. யாருக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி சீட்டு வரவில்லை, ஷீலாவும் வீணாகத் தலையைக் கொடுக்கவில்லை. ஆறு மணிக்கு அவள் முன்னால் இருந்த நீலக் குவியலைப் பார்த்தாலே தெரிந்தது, எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

"கேளு" என்றார் ஜீவானந்தம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். செல்வமேரி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து கதவோரம் நின்றாள்.

வாக்கியம் ஷீலாவிடம் தயாராக இருந்தது. பஸ்ஸில், கிளினிக்கில், குளிக்கும்போது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம். சொன்னால் அப்பா வருவார். அதில் சந்தேகமே இல்லை. மலையைச் சுற்றியவர் பதிவு அலுவலகத்து மாடிப்படி ஏற மாட்டாரா? இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார், யார் முகத்தையும் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார், தோற்றவன் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டேன் என்று வீட்டுக்குப் போவார். வினோத் அவரிடம் என்னவோ பேச வாயெடுப்பான். அவர் அதற்குள் படி இறங்கியிருப்பார். ஷீலாவுக்கு அந்தக் காட்சி கண் முன்னாலேயே ஓடியது.

வேண்டாம். நாலு நாலாக வைத்துத்தானே இங்கே வந்து சேர்ந்தேன். இப்போது மட்டும் ஏன் எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளி இவரை மிரட்ட வேண்டும்?

"அப்பா" என்றாள். "வர்ற ஞாயித்துக்கிழமை வினோத் இங்க வந்து இந்த மேஜையில உட்காரணும். நீங்க உங்க கையால அவருக்குச் சீட்டு போடணும்."

ஜீவானந்தம் காத்திருந்தார். "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்."

"இதுக்கா மூணு மணி நேரமா எங்க உசுரை வாங்கின?" என்றார் அப்பாதுரை. டீச்சர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.

"கல்யாணத்துக்கு வரச் சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றார் ஜீவானந்தம். குரல் எப்படியோ இருந்தது.

"அது நீங்களா வரணும்பா. சீட்டுல தோத்துட்டு வரக் கூடாது. நீங்க வராம எனக்குக் கல்யாணம் நடந்தா நான் அழுவேன். ஆனா நீங்க அப்படி வந்து நின்னா இன்னும் அழுவேன்."

ஜீவானந்தம் சிதறிக் கிடந்த சீட்டுகளைக் கூட்டினார், தட்டி ஒழுங்காக்கினார், கலைத்தார். ஆட்டம் முடிந்துவிட்டதே, எதற்குக் கலைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. ஷீலா அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை கலைத்துவிட்டுச் சீட்டுக்கட்டைப் பச்சைத் துணியின் மேல் வைத்தார்.

"அவனுக்கு ஆடத் தெரியுமா?"

"தெரியாதுப்பா. ரம்மிகூடத் தெரியாது."

ஜீவானந்தம் தலையைத் திருப்பி காந்திமதி டீச்சரையும் அப்பாதுரையையும் ஒரு முறை முறைத்தார். "இந்த ரெண்டு பேருக்கு நடுவுல ஒண்ணுமே தெரியாதவனைக் கொண்டாந்து உட்கார வெப்பியா? உரிச்சுத் தோரணம் கட்டிருவாங்க. அவனை சனிக்கிழமையே வரச் சொல்லு. மத்தியானம்."

"மத்தியானம்னா, சாப்பாட்டுக்கா?" என்று கேட்டாள் செல்வமேரி. வாய் திறந்தது அவளுக்கே தெரியவில்லை.

"பின்ன, வெறும் வயித்தோடவா வந்து உட்காருவான்?" என்றார் ஜீவானந்தம்.